மூன்றாம் ஓலை ஞாயிறு

— மறுபடியும் அதேதான், அத்தான். "இந்தக் கார்டை எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிட்டு நின்னுருச்சு.

— அந்த வார்த்தையையா சொல்லுது?

— இங்கிலீஷ்ல சொல்லுது. நான் தமிழ்ல கொஞ்சம் மரியாதையாச் சொன்னேன்.

— இருக்கட்டும். அணைச்சிட்டு மறுபடி போடு, ஜோன்.

— அணைச்சு அணைச்சுப் போட்டா, தெரியாத கார்டு தெரிஞ்ச கார்டா ஆயிருமா? புது கம்ப்யூட்டர் மெஷினுங்க சுவரோரமா உறைகூடப் பிரிக்காமக் கெடக்குது. நாளைக்கு மேனேஜர் பினாங்குலேர்ந்து வந்ததும் முதல்ல அதைத்தான் கேப்பாரு.

— மெஷினுங்களை ஒரே லைன்ல சேர்க்கற இந்தக் கார்டை வாங்கினதே அவர்தான். தைவான் கார்டு. "பழசு மாதிரியேதான் இதுவும்"னு கடைக்காரன் சொன்னதை நம்பி வாங்கிட்டாரு.

— மாதிரியேன்னா, கார்டை ஓட்டற உங்க டிரைவர் புரோகிராமுக்குப் புரியலயே.

— டிரைவருக்குப் புரியறது ஒரு பட்டியல் மட்டும்தான். ஒவ்வொரு கார்டுக்குள்ளயும் ஒரு எண் பொறிச்சிருக்கும். முன்பாதி எந்தக் கம்பெனி செஞ்சதுன்னு சொல்லும், பின்பாதி அந்தக் கார்டு எதுன்னு சொல்லும். உலகத்துல ஒரு கார்டோட எண் இன்னொரு கார்டுக்கு இருக்கக் கூடாது. டிரைவர் முன்பாதியைப் படிக்கும். பட்டியல்ல அந்தக் கம்பெனி இல்லன்னா கார்டை வாசல்லயே நிறுத்திரும், சிஸ்டத்துக்குள்ள விடாது.

— இதை அம்மாகிட்ட ஒரு தடவை சொன்னேன். "மாப்பிள்ளை டிரைவர் எழுதறாரு"ன்னு அவங்க திகாம் பத்து ஊர்ப் பெரியம்மாகிட்ட சொல்லப்போயி, பெரியம்மா கேட்டாங்களாம், "எந்த டிரைவருக்கு? பஸ்ஸா, லோரியா?"ன்னு.

— ம்.

— சிரிக்கலாம், அத்தான். ஞாயித்துக்கிழமை சிரிச்சா பாவமில்ல.

— சிரிச்சேன்.

— எப்ப?

— இப்பத்தான்.

— சரி லா. இந்நேரம் பூசை ஆரம்பிச்சிருக்கும்.

— ம்.

— மூணாவது ஓலை இன்னைக்கு.

— தெரியும்.

— "காலஞ்சென்ற அக்னஸின் கணவர் எர்னஸ்ட்டும், அக்னஸின் தங்கை ஜோனும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கவும்." போன ரெண்டு வாரமும் ஃபாதர் இதைப் படிச்சப்ப, நீங்க மேல காத்தாடியைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க.

— காத்தாடி ஒரு பக்கமா ஆடுச்சு. கழண்டு விழுந்துருமோன்னு பார்த்தேன்.

— அதனாலதான் இன்னைக்குப் போகலையா?

— டிரைவர் முடியல. அதனால போகல. நீ ஏன் போகல?

— ஓலை படிக்கற நேரத்துல எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்க்கறாங்க. போன வாரம் அழகம்மா டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, சாவு வீட்டுக்கு வந்த மாதிரியும் இருந்துச்சு, சடங்கு வீட்டுக்கு வந்த மாதிரியும் இருந்துச்சு. நான் நேத்து சாயங்காலப் பூசைக்கே போய்ட்டு வந்துட்டேன்.

— ஃபாதர் ஏதாவது சொன்னாரா?

— முந்தியெல்லாம் அக்கா புருஷனைக் கட்டணும்னா மேற்றிராணியார்கிட்ட அனுமதி வாங்கணுமாம். எண்பத்து மூணுல திருச்சபை சட்டத்தை மாத்திட்டாங்களாம். இப்ப அது தடையே இல்லன்னாரு.

— நல்லது.

— அவ்வளவுதானா?

— வேற என்ன சொல்லணும்?

— ஒண்ணுமில்ல. நேர்ல கேட்டா நீங்க இவ்வளவுதான் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியும். பாப்பா நேத்தாவது அம்மாவைத் தேடாமத் தூங்குச்சா?

— நீ போனப்புறம் முழிச்சிக்கிச்சு. கதவைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு.

— அப்புறம்?

— அப்புறம் விடிஞ்சிருச்சு.

— சார்! தங்கச்சி! தேத்தண்ணி லா! ஒட்டுக்கடையில ரொட்டி சானாயும் கட்டிக்கிட்டு வந்தேன்.

— உங்களுக்கு எதுக்கு முனியாண்டிண்ணே இந்த சூசா, வீண் சிரமம்?

— ஞாயித்துக்கிழமை காவல் காக்கற ஜாகாவுக்கு வேற என்னம்மா வேலை? கேட்டைத் திறக்கணும், கேட்டைச் சாத்தணும். ரெண்டும் ஆச்சு. கலியாணப் பொண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்குப் போகாம கித்தா ரப்பர் பாக்டரியில உக்காந்திருக்கீங்களே, முருகா, உங்க சாமி கோவிச்சுக்காதா?

— மெஷின் படுத்துக்கிச்சு அண்ணே.

— இங்க ஒண்ணு படுத்துக்கிச்சா? அங்க ஸ்டோர்ல ஒண்ணு படுக்கவே மாட்டேங்குது லா.

— எந்த ஸ்டோர்ல?

— பழைய மேசை நாக்காலியெல்லாம் போட்டுப் பூட்டி வச்சிருக்கில்ல, அந்த ஸ்டோர்ல. ரவுண்டு போறப்பல்லாம் உள்ள உஸ்ஸுன்னு ஒரு மூச்சு. காலையில ஆபீஸ் திறந்தா ஒரு "கீக்". தினம் ஒரே ஒரு கீக். கதவுல விபூதி பூசி, எலுமிச்சம்பழம் கட்டி, சூடம் காட்டினேன். மறுநாளும் கீக்.

— அது ஏர்கான் பைப்பா இருக்கும், முனியாண்டி.

— ஸ்டோர்ல ஏர்கான் ஏது சார்?

— இருக்கட்டும்.

— சரி சார், இருக்கட்டும் லா. எலுமிச்சம்பழந்தான் காஞ்சுபோச்சு. தேத்தண்ணி ஆறிரும், குடிங்க. நான் கேட்டுல இருக்கேன்.

— … முனியாண்டிண்ணன் என்ன சொல்லிட்டுப் போறாரு, அத்தான்?

— பேய்க் கதை. நீ ரொட்டியைச் சாப்பிடு.

— சாப்பிட்டுக்கிட்டே கேக்கறேன். என் மேசையில இருக்கறதும் இதே தைவான் கார்டுதானே? அது மட்டும் எப்படி ஓடுது?

— அதுல டிரைவர்கிட்ட, "கார்டை எதுவும் கேக்காதே, நான் சொல்ற எண்ணை வச்சுக்க"ன்னு சொல்லி வச்சிருக்கேன். பட்டியல்ல இருக்கற கம்பெனியோட எண். தற்காலிகமா.

— தற்காலிகம்னு சொல்லி பிப்ரவரியிலேர்ந்து ஓட்டறீங்க. நான் லேடெக்ஸ் வந்த விவரத்தைப் பதிஞ்சிக்கிட்டே இருப்பேன், பாதியில அறுந்துரும். மறுபடி முதல்லேர்ந்து. ஒரு ஆளோட பேசிக்கிட்டு இருக்கும்போது, பக்கத்துல இன்னொரு ஆள் நின்னு "எனக்கு ஒண்ணும் தெரியாது, வை போனை"ன்னு சொல்ற மாதிரி.

— ம். அப்படித்தான் இருக்கும்.

— "அப்படித்தான் இருக்கும்"னா? காரணம் தெரியுமா உங்களுக்கு?

— பார்க்கணும்.

— அந்த எண்ணை எங்கேர்ந்து எடுத்தீங்க?

— ஞாபகத்துலேர்ந்து.

— சரி, ஒரு சோதனை பண்ணிப் பார்க்கலாம். நான் என் மெஷினை அணைக்கிறேன். நீங்க உங்க மெஷின்லேர்ந்து என் எண்ணுக்கு ஒரு வரி அனுப்புங்க.

— அணைச்ச மெஷினுக்கு அனுப்பினா "பதில் இல்லை"ன்னுதான் வரும்.

— அப்படித்தானே வரணும்? வந்தா லைன் ஒழுங்கா இருக்கு, கோளாறு என் மெஷின்லன்னு ஆயிரும்.

— வேணாம், ஜோன். தேவையில்ல.

— அணைச்சாச்சு. பிளக்கையும் பிடுங்கிட்டேன், இதோ கையில இருக்கு. அனுப்புங்க, அத்தான்.

— அனுப்பிட்டேன்.

— என்ன வந்துச்சு? தள்ளுங்க, நான் பார்க்கறேன். "ரிசீவ்ட்." கிடைச்சிருச்சுங்குது. என் மெஷின் செத்துக் கெடக்கு, பிளக்கு என் கையில தொங்குது. யாருக்குக் கிடைச்சுச்சு?

— லைன்ல ஏதோ எதிரொலி.

— சும்மா சொல்லாதீங்க. இப்ப அந்தப் பக்கம் ஒரு கீக் கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கல?

— கேட்டுச்சு.

— ஸ்டோர் சாவி யார்கிட்ட இருக்கு?

— என்கிட்ட.

— குடுங்க.

— ஜோன், நாளைக்கு நானே…

— குடுங்க.

— … மேல் பூட்டு சும்மா. கீழே இருக்கறதைத் திற.

— என்ன இப்படி வெக்கையா இருக்கு? லைட்டு எங்க?

— போடாதே. கண்ணுக்குப் பழகிரும்.

— அங்க ஒண்ணு பச்சையா வெளிச்சம் காட்டுது. மேல என்ன துணி? … இது அக்காவோட மஞ்சள் சீலை.

— தூசி விழக் கூடாதுன்னு போட்டேன்.

— அக்கா மெஷின். அவ ஒட்டின மாதா படம் அப்படியே இருக்கு. "பி" எழுத்து தேஞ்சுபோச்சுன்னு அவ நெகச்சாயம் தடவி வச்சாளே, அதுவும் இருக்கு. இதைப் பினாங்குக்கு அனுப்பியாச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்களே?

— சொன்னேன்.

— போன ஜூலையில அக்கா டெங்கியில போனா. அன்னையிலேர்ந்து இது அணையவே இல்லையா?

— கரண்டு போன அன்னைக்கு அணைஞ்சுது. வந்ததும் போட்டேன். லைன் இந்த ரூம் வழியாத்தான் போகுது, ஜோன். இங்க கேபிளைக் கழட்டினா மொத்த ஆபீஸும் படுத்துரும்.

— கேபிள் அது பாட்டுக்கு இருக்கட்டும், யாரு கழட்டச் சொன்னா? சுவிட்சை அணைச்சா ஆபீஸுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கே தெரியும் இது. உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும்.

— ஸ்கிரீன் முழுக்க ஒரே வார்த்தை. மேலேர்ந்து கீழ வரைக்கும். இங்கிலீஷ் எழுத்துல தமிழ். "பசியாறிட்டியா. பசியாறிட்டியா. பசியாறிட்டியா."

— காலையில வந்ததும் ஒரு தடவை அனுப்புவேன். அவ இருந்தப்ப அனுப்பினதுதான். நான் சின்னதா ஒரு புரோகிராம் எழுதி வச்சிருந்தேன், எண்ணைத் தட்டினா நேரா அந்த மெஷினுக்கு ஒரு வரி போகும். அவ அடக்கம் முடிஞ்சு முதல் நாள் வேலைக்கு வந்தேனா, கை அது பாட்டுக்குத் தட்டிருச்சு. "ரிசீவ்ட்"னு வந்துச்சு.

— அப்புறம் தினமுமா?

— தினமும்தான். சில நாள் இன்னொரு வரியும் போடுவேன். பாப்பா பேசினது, வீட்டுல தண்ணி வராதது.

— சாமி கும்பிடற மாதிரி.

— இல்ல. சாமி கும்பிட்டா ரிசீவ்ட்னு வராது.

— … ஸ்கிரீனை மட்டும் அணைக்கட்டா? கண்ணு கூசுது.

— அணை.

— அணைச்சும் எழுத்து தெரியுதே.

— ஒரே வார்த்தை ஒரே இடத்துல ரொம்ப நாள் நின்னா கண்ணாடியில காய்ஞ்சு ஒட்டிக்கும். போகாது.

— என் மெஷினுக்கு நீங்க ஞாபகத்துலேர்ந்து குடுத்த எண்ணு, இதோட எண்ணா?

— ஆமா. பட்டியல்ல இருக்கற கம்பெனியா ஒரு எண் வேணும்னு யோசிச்சேன். எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்.

— இது ஓடிக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சே குடுத்தீங்களா?

— தெரியும். ஆனா அந்த நேரத்துல அது ஓடற மெஷினாத் தோணல. கணக்குல இல்லாத ஒண்ணாத் தோணுச்சு. சிலாப்தான், என் தப்புதான்.

— அப்ப ஒரே லைன்ல ரெண்டு மெஷின், ஒரே எண். நான் பேசிக்கிட்டு இருக்கறப்ப "எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு அறுத்து விட்டது அக்காவா?

— அக்கா மெஷின்.

— ஆமா, மெஷின். அப்படின்னா இங்க வந்ததெல்லாம் என் மேசைக்கும் வந்திருக்கு.

— … வந்திருக்கும்.

— வந்துச்சு, அத்தான்.

— ஒரு நாள் பதில் வந்துச்சு. "பசியாறிட்டேன். நீங்க?" அவ எண்ணுலேர்ந்து.

— நீங்க என்ன நினைச்சீங்க?

— ஒண்ணும் நினைக்கல. நினைச்சா லைனைப் பிரிச்சுப் பார்க்கணும். பிரிச்சுப் பார்த்தா எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சிரும். அதனாலதான் டிரைவரை முடிக்கல. ஒவ்வொரு கார்டுக்கும் அதுஅதோட எண் வந்துருச்சுன்னா பதில் நின்னுரும்னு தெரியும்.

— மூணு மாசமா எல்லாரும் உங்க வாயைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. மேனேஜர் ரெண்டு தடவை கத்திட்டாரு.

— அரை நாள் வேலைதான், ஜோன்.

— பதில் போட்டது நான்னு உங்களுக்குத் தெரியும்.

— எஞ்சினியரா யோசிச்சிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். நான் யோசிக்கல. நான் யாருக்கு எழுதறேன்னு தெரிஞ்சு, பாவம்னு நினைச்சுப் பதில் போட்டியா?

— பாவம்னா?

— பைத்தியக்காரன் தனியாப் பேசிக்கறான், யாராவது பதில் சொல்லட்டும்னு.

— … அப்படியே வச்சுக்கங்க.

— நான் நன்றி சொல்லணும்.

— வேணாம். வெளியே வாங்க. டிரைவரை முடிப்போம்.

— ஒரு சுலபமான வழி இருக்கு. இதை நான் இப்பவே அணைச்சிடறேன். அந்த எண்ணு உனக்கு மட்டும் ஆயிரும். உன் மெஷின்ல ஒண்ணும் மாத்த வேண்டியதில்ல, அறுந்து போகாது. அப்படியே தொடரலாம்.

— அது அக்கா எண்ணு.

— யாரும் கேக்க மாட்டாங்க.

— நான் கேப்பேன். என் கார்டுல என்ன பொறிச்சிருக்கோ அதுதான் எனக்கு வேணும். அது தெரியாத கம்பெனியா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

— சரி. பிளக்கை மாட்டிட்டு உன் மெஷின் முன்னாடி உக்காரு. கார்டுக்குள்ள இருக்கறதை அப்படியே ஸ்கிரீன்ல கொட்டச் சொல்றேன், நீ மேலேர்ந்து ஒவ்வொண்ணாப் படி. நான் எழுதிக்கறேன்.

— நாலு எட்டு. நாலு எட்டு. ஒண்ணு ஏ. ஒண்ணு ஏ. சி ஏழு. சி ஏழு.

— ஏன் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை படிக்கறே?

— நான் எங்க படிக்கறேன்? அதுதான் அப்படிச் சொல்லுது. மூணு மூணு, மூணு மூணு. டி ரெண்டு, டி ரெண்டு. அஞ்சு பி, அஞ்சு பி.

— திக்குது.

— திக்குவாய்க் கார்டா?

— ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை சொல்லுது. டிரைவருக்கு அது தெரியாது. வரிசையா ஆறு எடுத்துக்கிட்டு அதுதான் முழு எண்ணுன்னு நினைச்சுக்குது. பாதிப் பேரை ரெண்டு தடவை கேட்டுட்டு, இப்படி ஒரு ஆளே கெடையாதுன்னு திருப்பி அனுப்பிருது.

— பொறுமையாக் கேட்டிருந்தா முழுசாச் சொல்லியிருக்கும்.

— ஒண்ணு விட்டு ஒண்ணு படிக்கச் சொல்லணும். இந்த வரியில… இப்படி. அப்புறம் முன்பாதியைப் பட்டியல்ல சேர்க்கணும். நாலு எட்டு, ஒண்ணு ஏ, சி ஏழு. சேர்த்தாச்சு.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். இதை மெஷினுக்குப் புரியற பாஷையில மாத்தணும், கொஞ்ச நேரம் எடுக்கும். தேத்தண்ணி ஆறிப்போச்சு.

— பரவால்ல, குடுங்க. … அக்காவுக்கு இந்த வேலை புரியுமா?

— புரியாது. "உன் பொட்டிக்கு ஊட்டிவிட்டாச்சா, வா வீட்டுக்குப் போலாம்"னு கதவுல வந்து நிப்பா.

— நான் அப்படி நிக்க மாட்டேன்.

— ஏன்?

— எனக்குப் புரியும். அதனால.

— … முடிஞ்சிருச்சு. உன் மெஷினை ஒரு தடவை அணை. நான் முன்னாடி சொல்லி வச்ச எண்ணை எடுத்துட்டேன். இப்ப போடு.

— ஓடுது… ஓடுது… நிக்கல, அத்தான். கார்டு தெரிஞ்சதுங்குது. கீழே எண்ணும் காட்டுது. நாலு எட்டு, ஒண்ணு ஏ, சி ஏழு, மூணு மூணு, டி ரெண்டு, அஞ்சு பி. திக்கவே இல்ல.

— அது உன்னோட எண்.

— ஒரு வரி அனுப்பிப் பாருங்க.

— என்ன அனுப்ப?

— எனக்கு என்ன அனுப்பணும்னு தோணுதோ, அதை.

— …

— அவசரமில்ல. யோசிங்க.

— … அனுப்பிட்டேன்.

— வந்துச்சு.

— சரியா வந்துச்சா?

— வந்துச்சு. "டெஸ்ட்"னு.

— ஸ்டோர்ல சத்தம் கேட்டுச்சா?

— இல்ல. எனக்கு மட்டும்தான் வந்துச்சு.

— அப்ப வேலை முடிஞ்சுது. மத்த மெஷினுக்கெல்லாம் இதே டிரைவரைப் போட்டா போதும்.

— சார்! தங்கச்சி! கேட்டு ரூம் போன்ல உங்கம்மா லா. மூணாவது ஓலையும் படிச்சாச்சாம். யாரும் ஒரு தடையும் சொல்லலையாம். திகாம் பத்துலேர்ந்து பெரியம்மா வந்திருக்காங்களாம், ஆட்டுக்கறி ஆக்கியிருக்காங்களாம், ரெண்டு பேரும் நேரா வீட்டுக்கு வந்துரணுமாம். அடியாத்தி, எனக்கே வாய் ஊறுது!

— வர்றோம்னு சொல்லிடுங்க அண்ணே.

— சொல்லிட்டேன் லா. சார், முகம் ஏன் இப்படி இருக்கு? மெஷின் எந்திரிச்சிருச்சா?

— எந்திரிச்சிருச்சு, முனியாண்டி.

— ஸ்டோர்ல இருந்தது?

— அது ஏர்கான் இல்ல. இனிமே கீக் வராது.

— முருகா! எலுமிச்சம்பழம் லேட்டா வேலை செஞ்சிருக்கு. நான் போய்க் கேட்டைத் திறந்து வைக்கிறேன்.

— ஜோன், பையை எடுத்துக்க. அத்தை காத்துக்கிட்டு இருப்பாங்க.

— காடியை ஸ்டார்ட் பண்ணுங்க. ஆனா வீட்டுக்கு இல்ல. முதல்ல கோயிலுக்கு.

— பூசை முடிஞ்சிருக்குமே.

— ஞானஸ்நானம் ஒண்ணு இருக்கு, ஃபாதர் இன்னும் போயிருக்க மாட்டாரு. தடை இருந்தா சொல்லுங்கன்னு மூணு வாரமாக் கேக்கறாரு. சொல்லணும்.

— யாருக்குத் தடை?

— எனக்கு.

— ஸ்டோர்ல பார்த்ததுக்காகவா? அதை நான் அணைச்சிடறேன்.

— நீங்க அணைக்க வேணாம். உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப அணைங்க. அது வேற.

— அப்புறம் என்ன? உன்னை யாரும் கட்டாயப்படுத்தலயே. அத்தை கேட்டப்ப ரெண்டு தடவை மாட்டேன்னு சொல்லிட்டே. நானும் அதோட விட்டுட்டேன். ஈஸ்டர் முடிஞ்ச மறுவாரம் நீயாவே வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய், "சரிம்மா, நான் அத்தானைக் கட்டிக்கறேன்"னு சொன்னதா அத்தை வந்து சொன்னாங்க. நீ சரின்னு சொன்னதாலதான் நானும் சரின்னேன். இல்லன்னா நான் எதுக்குச் சொல்றேன்?

— அன்னைக்குக் காலையில ஸ்டோருக்கு ஒரு வரி அனுப்பினீங்க. ஞாபகம் இருக்கா?

— தினமும் அனுப்பினேனே.

— "பசியாறிட்டியா"வுக்குக் கீழ ஒண்ணு.

— … "நீ இருந்தா பாப்பா தூங்கும். நானும் தூங்குவேன். வந்துரு."

— அதேதான். அக்காவை வந்துருன்னு கூப்பிட்டிருக்கீங்க, அத்தான். என் ஸ்கிரீன்ல வந்துச்சு, எனக்குன்னு நினைச்சு நான் வந்துட்டேன்.